களவெட்டியில் சொல்லக்கூடாத சொல்

நான் ஒருநாளும் எருமை மாட்டுக்கு அடித்தவனில்லை, காதியார். இறக்காமத்து வயல் வட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். கையில் ஒரு கம்பு வைத்திருப்பேன், அது வெறும் பழக்கத்துக்கு. மாடு நின்றால் நானும் நின்று, அதன் காதடியைச் சொறிந்துவிட்டு, அதற்கு மனம் வந்த பிறகுதான் நடத்துவேன். கச்சிமுகம்மது மாட்டோடு சம்பந்தம் கதைக்கிறான் என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணினால் பண்ணட்டும், எனக்கு அதில் குறைவொன்றும் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மனைவி சபூறா என்னைக் கல்நெஞ்சன் என்று உங்களிடம் முறையிட்டிருக்கிறாள். நிக்காஹை முறித்து என்னிடமிருந்து பிரித்துவிடும்படி உங்கள் விசாரணைக்கு பஸஹ் கேட்டு வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் அவளுக்குக் கை ஓங்கியதில்லை. பசியோடு படுக்க விட்டதில்லை. இன்னொருத்தியை நினைத்ததுமில்லை. ஓர் இரும்புச் சாமானுக்காக ஒருத்தி புருசனை வேண்டாம் என்கிறாளே என்று ஊர் சிரிக்கிறது. நீங்கள் சிரிக்கவில்லை. நடந்ததை ஆதியிலிருந்து சொல்லு என்றீர்கள். அந்தத் திரைக்குப் பின்னால் அவள் தன் கூடப்பிறந்த மூத்தவர், சாலிஹ் காக்காவோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு கோடையில் மாட்டுநோய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் எருமைகள் வாயில் நுரை தள்ளி ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கடைசி மாட்டைப் புதைத்த அன்று நான் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். சபூறாதான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அறுத்த கதிரைச் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்க மாடு வேண்டும். இரவல் மாட்டுக்கு யார் வாசலில் போய் நிற்பது? அந்த நேரத்தில்தான், மேற்கே அணைக்கட்டு வேலை முடிந்துவிட்டது, அங்கே பாறை சுமந்த இயந்திர மனிதர்களைப் பழைய இரும்பாக விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

லொறியில் ஏற்றிக் கல்முனைக் கடைத்தெருவால் கொண்டுபோனபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரம், அகலமான பாதம், மண்ணெண்ணெயில் ஓடும், மனிதரைப் போலக் கதைக்கும். அதில் ஒன்றை நான் வாங்கினேன். வட்டையில் அதற்கு இரும்பன் என்று பெயர் விழுந்தது. என்னை அது முதலாளி என்றது. சபூறாவை உம்மா என்றது. அப்படிக் கூப்பிடச் சொல்லி யாரும் அதற்குப் பழக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அது உங்களுக்குத் தெரியும்.

வந்து இறங்கிய அன்றே சபூறா அதன் முன்னால் போய் நின்று, பெற்ற மகனைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"உனக்கு நோகுமா மனே?"

"ஓம், நோகும்."

அதைப் பூட்டித்தர வந்த பிட்டர் ஹமீட் அங்கே நின்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது கதைக்கிற பெட்டி ராத்தா. நெஞ்சுக்குள்ள கிடக்கு. அதைக் கழட்டிவிட்டா நோவும் போயிரும், கரைச்சலும் போயிரும்."

அவருக்கு ஊற்றிய தேத்தண்ணியைச் சபூறா நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "உங்கட நாக்கை அறுத்துவிட்டா உங்களுக்குப் பல்லுக்குத்து நிண்டுருமா?" என்று கேட்டாள். நானும் அன்று சிரித்தேன். ஹமீட்டின் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

பிறகு அவள் இரும்பனிடம் விசாரித்தாள். எப்படி நோகும், எங்கே நோகும், ஏன் இரும்புக்கு நோவு வைத்தார்கள் என்றெல்லாம் கேட்டாள். அது யோசித்து யோசித்துப் பதில் சொல்லும். "முதல்ல நோவு இல்லாத ஆக்களைத்தான் செஞ்சாங்க உம்மா. கல்லு விழுந்து கால் உடைஞ்சதும் தெரியாம அவங்க நடந்தாங்க. நடந்து நடந்தே முடிஞ்சு போனாங்க. அதால எங்களுக்கு நோவு வெச்சாங்க."

"அது எப்படி இருக்கும்?"

"இது நிக்கோணும் எண்டு இருக்கும். வேற ஒண்டும் இருக்காது."

அந்தப் பதிலை நான் நெடுநாள் யோசித்தேன், காதியார். நான் யோசிக்காதவன் இல்லை. வண்டிச் சில்லு கிறீச்சிட்டால் நாம் எண்ணெய் விடுகிறோம். சில்லு அழுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பெட்டிக்குள் நோகுது என்ற சொல்லை வைத்தால் அது நோகுது என்று சொல்லத்தானே செய்யும்? இப்படித்தான் எனக்குள் நியாயம் பேசினேன். எருமை ஒருநாளும் எனக்கு நோகுது என்று வாய் திறந்து சொன்னதில்லை. அதற்கு நோகும் என்று நான் நம்பினேன். இது வாய் திறந்து சொன்னது. இதை நம்பவில்லை.

முதல் போகம் பெரிய தலையிடியாகப் போனது. சூடு மிதிக்கும் களமான களவெட்டியின் நடுக்கட்டையைச் சுற்றி இரும்பன் மிதித்து வரும். கொஞ்ச நேரத்தில் வைக்கோல் அதன் கணுக்காலில் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் உள்ளே இருக்கும் அச்சு சூடேறும். உடனே நின்று, "நோகுது முதலாளி" என்று சொல்லும். நான் வைக்கோலை அறுத்து எடுப்பேன். எல்லைக்கு வெளியே சபூறா எண்ணெய்ப் போத்தலோடு நிற்பாள். பெண்கள் களவெட்டிக்குள் கால் வைக்கக்கூடாது அல்லவா, அதனால் இரும்பனை வெளியே கூட்டிப்போய் அவளிடம் விட்டுத் திருப்பிக் கூட்டிவருவேன். பக்கத்து வயல்காரர் சூடு அடித்து நெல்லைத் தூற்றி வீட்டுக்கும் கொண்டு போய்விட்டார்கள். நான் இன்னும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"முல்லைக்காரக் காக்கா, உங்கட எருமைக்கு மருமகன் மரியாதை" என்று ஜவுபர் சொன்னான். வயலுக்குப் பொறுப்பு நான் என்பதால் முல்லைக்காரன் என்பான்; ஜவுபர் என்னோடு வேலை செய்கிறவன், வைக்கோல் கிளறிப் போடுகிறவன். வாய்க் கொழுப்பு உண்டு, ஆள் நல்லவன். ஆனால் அந்த முறை நெல்லை அளந்தபோது பொலி குறைந்திருந்தது. அப்போது ஜவுபர் பகிடி பண்ணவில்லை. எல்லாரும் இரும்பனைப் பார்த்தார்கள்.

ஏன் பார்த்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. களவெட்டி என்றால் சாணியால் மெழுகிய வட்டம் மட்டுமில்லை. அதற்குள் இறங்கினால் நாக்குக்குக் கட்டுப்பாடு உண்டு. போதும் என்று சொல்லக்கூடாது. இல்லை, முடிந்தது, குறைந்தது என்ற சொற்கள் கூடாது. நோகுது என்று முனகவும் கூடாது. சொன்னால் நெல்லைப் பெருக்குகிற பறக்கத்து எழும்பிப் போய்விடும். எதற்கும், பெருகட்டும் என்று, பொலி, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். என் வாப்பாவும் அப்படித்தான் இருந்தார், அவருடைய வாப்பாவும் அப்படித்தான்.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். காலில் முள் ஏறினால் மனிதன் மெழுகிய எல்லையைத் தாண்டி வெளியே போவான். அங்கே நின்று ஐயோ என்பான், உம்மாவைக் கூப்பிடுவான், தண்ணீர் குடிப்பான். ஆறினால் திரும்ப வருவான். வட்டத்துக்கு உள்ளேதான் தடை. வெளியே ஒருவரும் யாருடைய வாயையும் பொத்துவதில்லை.

அடுத்த அறுவடைக்கு முன் ஒருநாள் நான் இரும்பனைப் பக்கத்தில் இருத்தி வைத்துக் கதைத்தேன். கோபமாகக் கதைக்கவில்லை. பிள்ளைக்கு ஓதிக்கொடுக்கிற மாதிரித்தான்.

"களவெட்டிக்குள்ள நோகுது எண்டு சொல்லப்படாது."

"சொன்னா?"

"பறக்கத்துப் போயிரும். நெல்லு குறைஞ்சிரும்."

"நெல்லு குறைஞ்சா?"

அதற்கு நான் பல பதில் சொல்லியிருக்கலாம். "குறைஞ்சா சபூறாக்குச் சோறு இல்லாமப் போகும்" என்றேன்.

அது குனிந்து தன் காலைப் பார்த்தது. பிறகு, "அப்ப நோகக்குள்ள நான் என்னத்தச் சொல்ற?" என்று கேட்டது.

"பொலி எண்டு சொல்லு. நாங்க எல்லாரும் சொல்றதுதானே."

எல்லைக்கு வெளியே போய்ச் சொல்லலாம் என்பதை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சபூறாவிடம் சொன்னேன். சாலிஹிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அந்தப் போகத்தில் என் களவெட்டியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சம்மாந்துறையிலிருந்தும் வந்தார்கள். இரும்பன் ஒரு தடவையும் நிற்கவில்லை. மிதிக்க மிதிக்கப் பொலி, பொலி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நேரம் ஏற ஏறக் குரலும் ஏறும். அந்தக் குரல் வந்தால் எங்கள் ஆட்களுக்கும் உற்சாகம் வந்துவிடும், அவர்களும் சேர்ந்து கூப்பிடுவார்கள். இரும்புக்கும் பறக்கத்தின் அருமை தெரிந்திருக்கிறது என்று ஒரு வயசாளி கண் கலங்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சூடேறிய எண்ணெய் மணத்தது. அது மண்ணெண்ணெய் என்று நான் ஆட்களுக்குச் சொன்னேன்.

பின்னேரம் வயல்கரைக் குடிசைக்கு, வாடிக்கு வந்ததும் சபூறா அதை உட்கார வைத்துக் கால் பார்ப்பாள். கணுக்கால் கறுத்துக் கிடக்கும். "நோகுதா மனே?" என்று கேட்பாள். "இப்ப இல்ல உம்மா" என்று சொல்லும். அது பொய் சொல்லத் தெரியாதது. வேலை நின்றால் நோவு நின்றுவிடும். ஒருநாள் அவள், "வேலை செய்யக்குள்ள நோகுமா?" என்று கேட்டாள். அது என் முகத்தைப் பார்த்தது. நான்தான், "அதெல்லாம் ஒண்டுமில்ல புள்ள, கேக்கலயா எவ்வளவு சந்தோசமாக் கூப்பிடுது எண்டு?" என்றேன். அவள் என்னை நம்பினாள். இத்தனை வருஷம் நம்பியவள்தானே.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

கடைசிச் சூட்டுக் குவியலைப் பிரித்துக் களத்தில் பரப்பிவிட்டோம். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மேற்கே மலைப்பக்கம் வானம் இருண்டு கிடக்கிறது. பரப்பிய கதிர் நனைந்தால் முளைத்துவிடும். ஒரு வருஷத்துச் சோறு அது. உங்கள் நெல்லாக இருந்தால் நீங்களும் அவசரப்பட்டிருப்பீர்கள். இரும்பனை வேகமாக நடக்கச் சொன்னேன். நடந்தது. வைக்கோல் இரண்டு கணுக்காலிலும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. வெட்டி எடுக்க நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜவுபருக்கு முள் ஏறியது. அவன் நொண்டிக்கொண்டு எல்லைக்கு வெளியே போய், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி, முள்ளைப் பிடுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். இரும்பன் நடந்துகொண்டே அதைப் பார்த்திருக்கிறது. அடுத்த சுற்றில் எனக்குக் கிட்ட வந்ததும் மெதுவாகக் கேட்டது.

"முதலாளி, ஜவுபர் வெளிய போய்ச் சொன்னார். நானும் வெளிய போய்ச் சொல்லிட்டு வரவா?"

கூடாத சொல் ஒன்றையும் அது பாவிக்கவில்லை. களத்தின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டுதான் கேட்டது. நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அதைப் பார்த்தேன்.

"உனக்கு அது இல்ல. நட" என்றேன்.

நான் செய்தது இதுதான், காதியார். அடிக்கவில்லை, உடைக்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்.

அது நடந்தது. பொலி என்றது. பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஆகும்போது அதன் குரல் வட்டை முழுவதும் கேட்டது. எங்கள் ஆட்கள் சேர்ந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜவுபர் கம்பைக் கீழே வைத்துவிட்டான். "காக்கா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. களவெட்டிக்குள் நின்று அவன் வேறென்ன சொல்வது?

வாடியில் சபூறா அரிசி களைந்துகொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அந்தக் குரலைத் தூரத்தில் கேட்டவள்தான். அன்று என்ன விளங்கியதோ, அரிசிப் பானையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ஈரக் கையோடு, முக்காடு தோளில் விழுந்திருக்க, செருப்புக் காலோடு மெழுகிய எல்லையைத் தாண்டி உள்ளே வந்தாள். ஒரு பெண் களவெட்டிக்குள் வந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். ஆட்கள் விலகி நின்றார்கள். கூடாத சொல்லெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது.

"போதும். போதும் எண்டு சொல்லு மனே. நோகுது எண்டு சொல்லு."

அது நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, "பொலி உம்மா, பொலி" என்றது.

அவள் அதன் கையைப் பிடித்து இழுத்தாள். அவளால் இழுக்கக்கூடிய பாரமா அது? அதுதான் அவளோடு வந்தது. வலது பாதம் கழன்று களத்திலேயே கிடந்தது. புகை வந்துகொண்டிருந்தது. எல்லையைத் தாண்டியதும் முழங்காலில் விழுந்தது.

"இது வெளியவா உம்மா?"

"வெளியதான் மனே."

"இப்ப சொன்னா உங்களுக்குச் சோறு குறையாதா?"

சபூறா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இந்த இடத்தில் விளங்கப்படுத்த மாட்டேன். என் சக்திக்கு மீறியது. பிறகு அதன் தலையை மடியில் எடுத்து வைத்து, "குறையாது என்ட கிளி. சொல்லு" என்றாள்.

"நோகுது" என்றது.

அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. இரண்டு போகமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னது. நான் வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடினேன். இரும்புக்குத் தண்ணீர் என்ன செய்யும்? ஆனாலும் அள்ளினேன், கொண்டுபோனேன், திரும்பவும் அள்ளினேன். சபூறா என்னைக் கிட்ட எடுக்கவில்லை. பொழுதுபட்டுப் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது அதன் குரல் மெலிந்துவிட்டது. பாங்கு முடிந்தபோது குரல் இல்லை. ஹமீட் வந்து திறந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார்.

மழை பெய்யவில்லை, காதியார். மேகம் கலைந்து தெற்கே போய்விட்டது. பொலி என்றும் இல்லாத அளவுக்கு நிறைந்தது. அந்த நெல்லில் ஒரு சோற்றையும் சபூறா வாயில் வைக்கவில்லை. அடுத்த நாள் சாய்ந்தமருதுக்கு, சாலிஹ் வீட்டுக்குப் போய்விட்டாள். இரும்பனின் தலையைத் தன் முந்தானையில் சுற்றிக் கொண்டுபோனாள்.

அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். பானை கவிழ்த்து வைத்தபடியே கிடக்கிறது. கடையில் வாங்கித் தின்கிறேன். தொழுகையில் நின்றாலும் காதுக்குள் பொலி, பொலி என்றுதான் கேட்கிறது. நான் அதை வெறுக்கவில்லை. என் எருமைகளுக்குப் பிறகு எனக்கு அதுதானே இருந்தது.

நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு நோகும் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். சொன்னால் நீங்கள் மன்னித்திருப்பீர்கள், மார்க்கத்திலும் இடம் இருக்கும். ஆனால் திரைக்குப் பின்னால் அவள் இருக்கிறாள். தெரியும், காதியார். முதல் நாளே தெரியும். மறக்கவும் இல்லை. வெளியே போகலாம் என்று சொன்னால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே போகும் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. சபூறாவின் சோற்றைச் சொன்னால் அது வாயைத் திறக்காது என்று தெரிந்துதான் அதைச் சொன்னேன்.

பிழை என்னுடையது. பிழை செய்தவன் திருத்திக்கொள்ள வேண்டும். நான் திருத்திக்கொண்டேன் என்பதை நீங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். போன கிழமை இன்னொன்று வாங்கினேன், இரும்பனைப் போலவே இருக்கிறது. ஹமீட்டைக் கூப்பிட்டு முதல் வேலையாக நெஞ்சைத் திறந்து, அந்தக் கதைக்கிற பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். இனி அந்தக் குரலைத் தாங்க என்னாலும் ஏலாது, அவளாலும் ஏலாது. இனி இந்த வேதனை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அவளை ஏற்றிப் போக வண்டி கொண்டுவந்திருக்கிறேன். இறக்காமத்திலிருந்து அந்தப் புதியதுதான் இழுத்து வந்தது, வழியில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. முழங்கால் கொஞ்சம் நடுங்குகிறது, கையை விரித்து விரித்து மூடுகிறது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், சபூறாவுக்கு அதெல்லாம் தெரியும். காலையிலிருந்து உங்கள் வாசலில், வெயிலில்தான் நிற்கிறது. நீங்களே சொல்லுங்கள் காதியார், இவ்வளவு நேரத்தில் ஒரு சத்தமாவது கேட்டதா?